அண்டிரிக் அடிகளாரின் புனிதர் வரலாறு: வெறும் அற்புதக் கதைகளா?

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்த கேள்வி இது: “அண்டிரிக் அடிகளார் என்றாலே தமிழில் முதல் அச்சுநூல் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவர் புனிதர் வரலாறு ஒன்றும் எழுதியிருக்கிறாராமே, அது எப்படிப்பட்ட நூல்? அதில் தியானம், இறையனுபவம் என்று ஏதாவது உண்டா, இல்லை அற்புதக் கதைகள் மட்டும்தானா? நம் பக்கத்துச் சேசு சபைக் குருக்களின் எழுத்துகளை எந்த வரிசையில் படிக்கலாம்?”

கதைகள் நிறைய உண்டு, அற்புதங்களும் உண்டு. ஆனால் சேசு சபைக்காரர் கையில் புனிதர் வரலாறு என்பது பொழுதுபோக்குக்கு வைத்த கதையல்ல, ஜெபத்துக்குள் ஆளை இழுத்துக்கொண்டு போகிற வழி. அந்தச் சபையே ஒருவர் புனிதர் வரலாறு படித்ததில்தான் முளைத்தது. அதனால் அண்டிரிக் அடிகளார் வாழ்ந்த புன்னைக்காயலுக்கு வருவதற்கு முன் ஸ்பெயின் நாட்டு லொயோலாவுக்குப் போக வேண்டும்.

1521-ல் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு, பின்னாளில் சேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாருக்கு ஒரு கால் எலும்பு முறிந்தது. அப்போது அவர் சாமியார் இல்லை. அரண்மனைப் பழக்கமும் வீரப்பேச்சும் உள்ள போர்வீரர். எலும்பு கோணலாகக் கூடியதும், இறுக்கமான காலணி போட்டால் புடைப்பு தெரியுமே என்று அதை அறுத்து எடுக்கச் சொன்னவர். படுக்கையில் கிடந்தபோது வீரர்களின் காதல் சாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. இருந்தது இரண்டு: சாக்சனி லுதோல்ப் எழுதின கிறிஸ்துவின் வாழ்க்கை, அப்புறம் ஒரு புனிதர் வரலாறு. வேறு வழியில்லாமல் அவற்றைப் படிக்க ஆரம்பித்தார்.

படிக்கப் படிக்க அவருக்குள் நடந்ததை அவரே பிற்பாடு சொல்லி எழுத வைத்திருக்கிறார். அரண்மனைப் பெண்ணொருத்தியைப் பற்றியும் வீரச்செயல்கள் பற்றியும் மணிக்கணக்கில் கற்பனை பண்ணுவார். அந்த நேரம் இனிக்கும், முடிந்ததும் மனம் வறண்டு கிடக்கும். பிரான்சிஸ் அசிசியாரும் சாமிநாதரும் செய்ததை நானும் செய்தால் என்ன என்று நினைப்பார். அதுவும் இனிக்கும், ஆனால் நினைப்பு போன பிறகும் அந்த நிறைவு அப்படியே நிற்கும். இந்த வித்தியாசத்தை ஒருநாள் கவனித்தார். எது கடவுளிடமிருந்து வருகிறது, எது வரவில்லை என்று மனதின் அசைவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பயிற்சி அங்கேதான் தொடங்குகிறது. படித்ததில் பிடித்ததையெல்லாம் ஒரு நோட்டில் அழகான கையெழுத்தில் எடுத்தெழுதினார்: கிறிஸ்துவின் சொற்கள் சிவப்பு மையில், மாதாவின் சொற்கள் நீல மையில். 1522-ல் மன்ரேசாவில் தவம் இருந்தார். அந்த அனுபவத்திலிருந்து விளைந்த ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ 1548-ல் அச்சானது. இன்று நம் ஊரில் ஞான ஒடுக்கம் என்று போய் உட்காருகிறோமே, அதன் வேர் அந்த நோட்டு வரை போகிறது.

லொயோலா வீட்டில் இருந்த புனிதர் வரலாறு ஐரோப்பா முழுக்கப் பரவிய ஒரு மரபைச் சேர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டில் சாமிநாதர் சபையைச் சேர்ந்த யாக்கோபு தே வொராஜினே லத்தீனில் தொகுத்த ‘பொன் வரலாறு’ அதற்கு மூலம். திருநாள் வரிசைப்படி அப்போஸ்தலர், வேதசாட்சிகள், கன்னியர், தவசிகள் என்று ஒவ்வொருவர் கதையாக வரும். போர்ச்சுக்கலிலும் ஸ்பெயினிலும் இந்த வகை நூலுக்கு ‘புளோஸ் சாங்க்தோரும்’ என்று பெயர், அதாவது புனிதர்களின் மலர். 1586-ல் அண்டிரிக் அடிகளார் தமிழில் அச்சிட்ட நூலுக்கும் அதே பெயர்தான். இஞ்ஞாசியாரைத் திருப்பிய அதே வகைப் புத்தகத்தை, அவர் சபையைச் சேர்ந்த ஒருவர், அவர் படுக்கையில் படித்த 65 வருடத்துக்குள் முத்துக்குளித்துறை என்ற நம் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை மக்களுக்குத் தமிழில் கொடுத்திருக்கிறார். ‘முதல் அச்சுநூல்’ என்ற பெருமையை விட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

யார் இந்த அண்டிரிக் அடிகளார்? என்றீக்கே என்றீக்கஸ், 1520-ல் போர்ச்சுக்கலில் விலா விசோசா என்ற ஊரில் பிறந்தவர். யூத வம்சத்தில் வந்த குடும்பம். அந்தக் காலத்துப் போர்ச்சுக்கலில் அது பெரிய தடை. பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தவர், அந்த வம்சத்தைக் காரணம் காட்டி வெளியேற்றப்பட்டார். 1545-ல் கோயிம்பிராவில் சேசு சபை அவரை ஏற்றது. மறுவருடம் கப்பல் ஏறினார், 1547-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1600-ல் புன்னைக்காயலில் இறக்கும்வரை அவர் வாழ்க்கை இந்தக் கடற்கரையோடுதான். தூத்துக்குடியில் அடக்கம் செய்தார்கள். சொந்த நாட்டில் வம்சத்தைச் சொல்லி ஒதுக்கப்பட்ட ஒருவரை நம் கடற்கரை அரை நூற்றாண்டுக்கு மேல் தன்னவராக வைத்திருந்தது. அவர் புனிதர் வரலாற்றைப் படிக்கும்போது இது எனக்கு நினைவில் வராமல் போவதில்லை.

அவர் வந்தபோது இங்கே இருந்த நிலையைப் பார்க்க வேண்டும். 1530-களின் நடுவில் பரதவர்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் ஜெபம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. 1542-ல் சவேரியார் வந்தார். மணி அடித்துக்கொண்டே தெருவில் நடந்து பிள்ளைகளைக் கூட்டி, உள்ளூர்க்காரர்கள் துணையோடு தமிழாக்கிய ஜெபங்களை வரி வரியாகச் சொல்ல வைத்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்து கை ஓய்ந்துபோனது என்று 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் சொல்கிறார். நோயாளி வீடுகளுக்குத் தன்னால் போக முடியாதபோது பிள்ளைகளை அனுப்பி ஜெபிக்கச் சொன்னார். ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை வைத்து, ஜெபமும் வேதபாடமும் விடாமல் நடக்கும்படி ஏற்பாடு செய்தார். மணப்பாட்டில் கடலைப் பார்த்த பாறைக் குகை இன்றைக்கும் அவர் பெயரில் இருக்கிறது. அங்கே நின்றால் அலைச்சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்காது. பகலெல்லாம் ஓடிக்கொண்டிருந்த மனிதருக்கு இப்படி ஒரு இடம் ஏன் தேவைப்பட்டிருக்கும் என்று அங்கே உட்கார்ந்து பார்த்தால் புரியும்.

சரி, ஜெபம் மனப்பாடம் ஆகிவிட்டது. அடுத்து என்ன? இதுதான் அண்டிரிக் அடிகளாரின் கேள்வி. வந்தவுடன் தமிழ் படிக்க உட்கார்ந்துவிட்டார். 1548-ல் வேம்பாற்றிலிருந்து இஞ்ஞாசியாருக்கு எழுதின கடிதத்திலேயே தமிழ் கற்பது பற்றி எழுதுகிறார். லத்தீன் இலக்கணத்தை மாதிரியாக வைத்து, பின்னால் வருகிற குருக்களுக்காகத் தமிழ் இலக்கணம் ஒன்றும் போர்ச்சுக்கீசிய மொழியில் எழுதினார். அதன் கையெழுத்துப் பிரதி லிஸ்பனில் இருக்கிறது, ஆங்கில மொழிபெயர்ப்பு 2013-ல் வந்தது. 1549-ல் வேதாளையில் அந்தோனி கிரிமினாலி கொல்லப்பட்ட பிறகு கடற்கரைப் பணிக்கு இவரே தலைவர். கால் நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பொறுப்பு. புன்னைக்காயலில் மருத்துவமனை, வேதபாடம், சண்டை தீர்ப்பு, இதற்கு நடுவில்தான் எழுத்து.

அச்சுக்கு வருவோம். 1578 அக்டோபர் 20-ஆம் தேதி கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்தது. 16 பக்கம். “அண்டிறிக்கிப் பாதிரியார் தமிழிலே பிறித்தெழுதின” என்று முகப்பிலேயே அவர் பெயர் இருக்கும். கொல்லத்தைச் சேர்ந்த பிராமணரும் சேசு சபையின் முதல் இந்தியருமான பேரோ லூயிஸ் அவருக்குத் துணை. கடைசிப் பக்கத்தை நிதானமாகப் பாருங்கள். 1577-ல் கோவாவில் வார்த்த எழுத்தையும் 1578-ல் கொல்லத்தில் வார்த்த எழுத்தையும் அடுத்தடுத்து அடித்துக் காட்டியிருப்பார்கள். முதலாவது கொஞ்சம் முரடு, இரண்டாவது தெளிவு. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகர ஏகார வேறுபாடும் இல்லை. ஓலையில் எழுதின வழக்கம் அப்படியே ஈயத்துக்கு ஏறியிருக்கிறது. நமக்குத் தெரிந்த பிரதி ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 1579-ல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’, 1580-ல் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும் நூல், 1586-ல் புனிதர் வரலாறு. முதல் நூல் 16 பக்கம், இது 669 பக்கம்! எட்டு வருடத்தில் இந்தத் தூரம். இந்த அச்சுப்பணிக்குப் பரதவ மக்களே பணம் போட்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு பெரிய நூல்? இங்குள்ளவர்கள் கதை கேட்டு வளர்ந்தவர்கள். ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு கதை, ஒவ்வொரு கொடைக்கும் விடிய விடியப் பாட்டு. அடியார்களின் வாழ்க்கையைச் சொல்லி பக்தி வளர்க்கும் வழக்கமும் பெரியபுராணத்தால் தமிழ்நாட்டுக்குப் பழகினது. அப்படிப்பட்ட மக்களிடம் பத்துக் கட்டளையையும் விசுவாசப் பிரமாணத்தையும் மட்டும் கொடுத்துவிட்டு நிற்க முடியாது. மனதில் வைத்துப் பார்க்க ஆட்கள் வேண்டும். கடலுக்குப் போகிறவனுக்கு அந்திரேயாவும் இராயப்பரும் வலை வீசினவர்கள் என்பது உடனே பிடிபடும். திருநாள் வந்தால் அந்தப் புனிதரின் கதையைச் சத்தமாக வாசிப்பது, கூட்டமாகக் கேட்பது, பிறகு ஜெபம்: இப்படிப் பயன்படத்தான் இந்த வகை நூல்கள் ஏற்பட்டன. இன்றும் உவரி அந்தோணியார் கோயில் நவநாளில் பிரசங்கம் எதைச் சுற்றி ஓடுகிறது என்று பாருங்கள்.

நூலின் தமிழ் முதலில் கொஞ்சம் தடுக்கும். போர்ச்சுக்கீசியச் சொற்கள் அப்படியே வரும், புனிதர் பெயர்கள் அந்த நாட்டு உச்சரிப்பில் இருக்கும், வாக்கியம் பேச்சைப் போல நீண்டுகொண்டே போகும். அதைக் குறையாக நினைக்காதீர்கள். 16-ஆம் நூற்றாண்டில் உரைநடை என்றால் பெரும்பாலும் செய்யுளுக்கு எழுதின உரைதான். சாதாரண ஜனங்கள் கேட்டுப் புரிந்துகொள்வதற்காக இவ்வளவு நீளமாக ஒரு கதைநூலைத் தமிழ் உரைநடையில் எழுதினது பெரிய துணிச்சல். வத்திக்கான் நூலகத்தில் இருந்த பிரதியைக் கொண்டு சேசு சபையின் இராசமாணிக்கம் அடிகள் 1967-ல் தூத்துக்குடி தமிழ் இலக்கியக் கழகம் வழியாக ‘அடியார் வரலாறு’ என்ற பெயரில் பதிப்பித்தார். மதுரையில் பணி செய்த சேசு சபைக் குரு நொபிலி அடிகளின் தமிழ் நூல்களையும் தேடித் தேடி அச்சுக்குக் கொண்டுவந்தவர் அவர். நொபிலியைப் பற்றி அவர் எழுதின ஆங்கில நூலும் 1972-ல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நொபிலி ஆய்வு நிறுவனத்திலிருந்துதான் வந்தது. உங்கள் ஊரில் நடந்த வேலை, தம்பி. அதைச் சொல்ல எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

அற்புதங்களை நம்ப வேண்டுமா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கேள்விக்குள் அது இருக்கிறது. வொராஜினே வழி வந்த கதைகளில் வரலாறும் புனைவும் கலந்துதான் கிடக்கும். இதைச் சொன்னவர்களும் சேசு சபைக்காரர்களே. ஆன்ட்வெர்ப் நகரில் யோவான் பொல்லாந்து தொடங்கி, அவர் வழி வந்த பொல்லாந்தியர்கள், ஒவ்வொரு புனிதரின் மூல ஆவணங்களையும் தேடி, ஒப்பிட்டு, சந்தேகமானதைச் சந்தேகம் என்று எழுதி 1643 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டார்கள். கார்மேல் சபையை எலியாஸ் தீர்க்கதரிசி நேரடியாக நிறுவினார் என்ற மரபை அவர்களில் ஒருவரான பாப்பெப்ரோக் ஏற்காததால், 1695-ல் ஸ்பெயினின் விசாரணை மன்றம் அவர்கள் நூல்களைக் கண்டித்தது. அதற்குப் பிறகும் அவர்கள் அந்த வேலையை விடவில்லை. ஆக, ஜெபத்துக்குக் கதையையும் அறிவுக்கு ஆராய்ச்சியையும் ஒரே சபை கையில் எடுத்திருக்கிறது. அடியார் வரலாற்றை வருடக் கணக்கு பார்க்க எடுக்காதீர்கள், அதற்குப் பொல்லாந்தியர்கள் இருக்கிறார்கள். ஒரு கதை உங்கள் மனதில் என்ன பண்ணுகிறது என்று பார்க்க எடுங்கள். இஞ்ஞாசியார் படித்தது அப்படித்தான்.

இறையனுபவம் இன்னும் ஆழமாக வேண்டும் என்றால் வீரமாமுனிவரிடம்தான் போக வேண்டும். 1680-ல் இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தவர். ஞானப்பிரகாசியார் என்று நாம் கும்பிடும் அலோசியஸ் கொன்சாகாவின் ஊரும் அதுவே. 1711 வாக்கில் மதுரை மிஷனுக்கு வந்து, கோவில்பட்டிப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் இருந்து பணி செய்தார். ஆகஸ்ட் 15 பரலோக மாதா திருவிழாவுக்குக் கூட்டம் கூடுகிறதே, அந்த ஊர்தான். கித்தேரியம்மாள் அம்மானை அவருடையது. பெண்கள் விளையாடிப் பாடும் அம்மானை வடிவத்தில் ஒரு போர்ச்சுக்கல் வேதசாட்சியின் கதையை வைத்திருக்கிறார். அண்டிரிக் அடிகளார் உரைநடையில் செய்ததை இவர் பாட்டில் செய்கிறார்.

‘தேம்பாவணி’ வேறு உயரம். 3 காண்டம், 36 படலம், 3615 பாடல். தலைவர் சூசையப்பர், வளன் என்ற பெயரில். பத்தாம் வகுப்புப் பாடத்தில் கருணையன் தாயை இழந்து அழும் பகுதியைப் படித்திருப்பீர்கள். அந்த நூலின் கதைக்கு வீரமாமுனிவர் பெரிதும் எடுத்துக்கொண்டது ஒரு பெண் துறவியின் காட்சிகளை. ஸ்பெயினில் ஆகிரேதா என்ற ஊர் மடத்தில் வாழ்ந்த மரியா, 1602-ல் பிறந்து 1665-ல் இறந்தவர். மாதா தனக்கு வெளிப்படுத்தியதாக அவர் எழுதின ‘கடவுளின் மறைபொருள் நகரம்’ அவர் இறந்த பிறகு 1670-ல் அச்சாகி, உரோமை வரை பெரிய சர்ச்சைக்கு உள்ளானது. அப்படி ஒரு காட்சி நூல், நம் தமிழ் விருத்தத்தில், கம்பன் பாணியில் நாட்டு வளம் நகர வளம் எல்லாம் பாடிக்கொண்டு வருகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். மரியாவின் கர்ப்பம் தெரிந்து வளன் தவிக்கும் ‘ஐயந்தோற்று படலம்’, தவிப்பு தீரும் ‘ஐயநீங்கு படலம்’ இரண்டும் நூலின் உயிர் என்பேன். வெளியே ஒரு சம்பவமும் நடக்காது. ஒரு நல்ல மனிதன் தனக்குள்ளேயே இருட்டில் நடப்பதுதான் கதை.

கதை ஆளைத் திருப்பும் என்பதற்கு நம் மண்ணிலேயே சாட்சி உண்டு. திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி நீலகண்டப் பிள்ளை குடும்பக் கஷ்டத்தில் துவண்டிருந்தபோது, தளபதி தெலனாய் அவருக்குச் சொன்னது யோபுவின் கதை. அதைக் கேட்டுத்தான் அவர் மனம் திரும்பியது. 1745 மே 14-ல் வடக்கன்குளத்தில் சேசு சபைக் குரு புத்தாரி கையால் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். எருமை மேல் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள், அடித்தார்கள், 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ல் புனிதர் பட்டம். யோபுவின் கதை கேட்டவர் இன்று கதையாக வாசிக்கப்படுகிறார். அதே வடக்கன்குளத்தில் 1872-ல் கோயிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கம் என்று சுவர் வைத்ததும், 1910-ல் கௌசானல் அடிகள் அதை இடித்ததும் நடந்தது. புனிதர் வரலாற்றோடு இதையும் படிக்காமல் திருநெல்வேலிக் கத்தோலிக்க வரலாறு படித்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

வரிசை கேட்டீர்கள். முதலில் சவேரியாரின் கடிதங்கள், அதிலும் 1542 முதல் 1545 வரை கடற்கரையிலிருந்து எழுதினவை. மன்சிலாஸ் என்ற கூட்டாளிக்கு எழுதின சின்னக் கடிதங்களில் மணப்பாடும் புன்னைக்காயலும் தூத்துக்குடியும் அன்றாடப் புழுதியோடு வரும். ஆங்கிலம் பரவாயில்லை என்றால் சேசு சபையின் ஷூர்ஹாமர் எழுதின நான்கு தொகுதி சவேரியார் வரலாற்றில் இந்தியாவைப் பற்றிய தொகுதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர், ஆள் பெயர் எது சந்தேகமானாலும் அடிக்குறிப்பில் கிடைக்கும். அடுத்து இஞ்ஞாசியார் தன் கதையைச் சொல்லும் சிறு நூல், இரண்டு நாளில் படித்துவிடலாம். அதன்பின் அடியார் வரலாறு. 669 பக்கத்தையும் ஒரே மூச்சில் இழுக்காமல், அப்போஸ்தலர் ஒருவர் கதையை எடுத்து, வாய்விட்டு வாசியுங்கள். கண்ணுக்குத் தடுக்கும் வாக்கியம் காதுக்குத் தடுக்காது. நொபிலி அடிகள் 1606-ல் மதுரைக்குப் போகுமுன் சில மாதம் இந்தக் கடற்கரையில் இருந்தவர்தான். ஆனாலும் அவர் நூல்கள் பெரும்பாலும் தர்க்கம், அவற்றைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கடைசியாகத் தேம்பாவணி, உரையோடு. முதல் காண்டத்தை முதலிலிருந்து தொடங்கினால் நாட்டுப் படலத்திலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். நீங்கள் நேராக ஐயந்தோற்று படலத்தில் நுழையுங்கள்.